கண்ணாடி, ஜன்னல், பாதுகாப்புத் திரைத் தொழில்துறைச் சங்கங்களின் வரலாறு

முன்னுரை

கடையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று உடைந்தால் கத்தி போன்ற நீண்ட சில்லுகளாகப் பிளக்கும். மற்றொன்று கற்கண்டு போன்ற சிறு துண்டுகளாக உதிரும். முதலாவது ஆளைக் கொல்லக்கூடியது. இரண்டாவது சிராய்ப்போடு விட்டுவிடும். இவற்றுள் எது தன் வீட்டுக் குளியலறைக் கதவில் பொருத்தப்படுகிறது என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜன்னல் சட்டகம் புயற்காற்றைத் தாங்குமா, கம்பிவலைக் கதவு திருடனைத் தடுக்குமா என்பவையும் இவ்வாறே.

பார்த்து அறிய முடியாத தரத்துக்கு யார் உறுதி கொடுப்பது? இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் தொழில்துறைச் சங்கம். தமிழில் 'தொழிற்சங்கம்' என்றால் தொழிலாளர்களின் அமைப்பையே நினைக்கிறோம். இங்குப் பேசப்படுவது அது அன்று. ஒரே தொழிலைச் செய்யும் உற்பத்தியாளர்களும் விற்பனையாளர்களும் பொருத்துநர்களும் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் அமைப்பே தொழில்துறைச் சங்கம். இத்தகைய சங்கங்கள் கண்ணாடி, ஜன்னல் தொழிலில் எவ்வாறு தோன்றின, எப்போது பொதுமக்களுக்குப் பயன்பட்டன, எப்போது தங்கள் நலனை மட்டும் பார்த்துக்கொண்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கில்டுகளின் காலம்

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் 'கில்டு' எனப்படும் தொழிற்குழு இருந்தது. வெனிஸ் நகரக் கண்ணாடித் தொழிலாளர்களின் கில்டுக்கு 1271 ஆம் ஆண்டிலேயே எழுத்து வடிவிலான விதிகள் இருந்தன. 1291 இல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்ற உத்தரவிட்டது. மரவீடுகள் நெருங்கிய நகரில் உலைகளால் தீ பரவும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் எல்லாக் கைவினைஞர்களும் ஒரே தீவில் இருந்ததால் தொழில் இரகசியங்களைக் காப்பதும் எளிதாயிற்று. முரானோக் கண்ணாடிக் கலைஞர்கள் சமூகத்தில் மதிப்போடு வாழ்ந்தார்கள். எனினும் அனுமதியின்றி வெளிநாடு சென்று தொழில் செய்ய அவர்களுக்குத் தடை இருந்தது.

லண்டனில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பதிப்பவர்களின் கில்டு 1328 ஆம் ஆண்டு ஆவணங்களிலேயே குறிப்பிடப்படுகிறது. 1638 இல் முதலாம் சார்லஸ் மன்னர் அதற்கு அரச சாசனம் வழங்கினார். 'கண்ணாடி பதிப்போர் மற்றும் கண்ணாடி ஓவியர் கழகம்' என்ற பொருளுடைய பெயரில் அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. 1666 இல் லண்டனை அழித்த பெருந்தீயில் அதன் கூடம் எரிந்துபோயிற்று.

கில்டின் வேலைகள் மூன்று. பல ஆண்டுகள் ஆசானிடம் பயின்றவனையே தொழிலுக்குள் அனுமதித்தல் முதலாவது. உறுப்பினர் செய்த வேலையைச் சோதித்தல் இரண்டாவது. உறுப்பினர் அல்லாதவர் அந்நகரில் அத்தொழிலைச் செய்யாமல் தடுத்தல் மூன்றாவது. முதல் இரண்டும் வாங்குபவருக்கு நன்மை தந்தன. மூன்றாவது உறுப்பினருக்கு மட்டும் நன்மை தந்தது. பிற்காலச் சங்கங்கள் அனைத்திலும் இந்த இரு முகங்களும் தொடர்ந்து காணப்படுகின்றன.

வரியும் அரசின் கண்காணிப்பும்

கில்டுகளின் பிடி தளர்ந்தபோது கண்ணாடித் தொழிலின் மீது அரசின் கை விழுந்தது. இங்கிலாந்தில் 1696 இல் ஜன்னல் வரி விதிக்கப்பட்டது. ஒரு வீட்டில் எத்தனை ஜன்னல்கள் உள்ளனவோ அதற்கேற்ப வரி கட்ட வேண்டும். வரியைக் குறைக்க மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். அப்படி அடைக்கப்பட்ட ஜன்னல்களைப் பழைய ஆங்கிலேய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். 1740களில் கண்ணாடி உற்பத்தியின் மீதே எடையை அடிப்படையாகக் கொண்ட கலால் வரியும் வந்தது.

கலால் அதிகாரிகள் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்து உலைகளைக் கண்காணித்தனர். ஆனால் அவர்கள் எடையைத்தான் பார்த்தார்களே தவிர, கண்ணாடியின் தரத்தைப் பார்க்கவில்லை. புதிய முறைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கும் அந்தக் கெடுபிடி தடையாக இருந்தது. இருட்டும் காற்றோட்டமின்மையும் நோய்களைப் பெருக்குகின்றன என்று மருத்துவர்கள் வாதாடினர். கலால் வரி 1845 இலும் ஜன்னல் வரி 1851 இலும் நீக்கப்பட்டன.

அதே 1851 இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த பளிங்கு மாளிகை எழுந்தது. அதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகளைச் சான்ஸ் சகோதரர்கள் நிறுவனம் ஊதுகுழல் முறையிலேயே தயாரித்துக் கொடுத்தது. கலால் வரி நீடித்திருந்தால் அத்தகைய கட்டடத்தை எண்ணிப் பார்த்திருக்கவே முடியாது. கண்ணாடி செல்வந்தரின் பொருள் என்ற நிலை மாறத் தொடங்கியது.

கையா, இயந்திரமா? 1923 ஆம் ஆண்டு வழக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை ஜன்னல் கண்ணாடி மனித மூச்சால் செய்யப்பட்டது. தொழிலாளி உருகிய கண்ணாடியை நீண்ட உருளையாக ஊதுவார். பின்பு அதை நெடுக வெட்டிச் சூடாக்கித் தட்டையாக விரிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜான் லப்பர்ஸ் உருவாக்கிய உருளை இயந்திரமும், பெல்ஜியத்தில் எமில் பூர்கோ உருவாக்கிய தகடு இழுக்கும் முறையும் இந்த வேலையைப் பறித்தன.

அமெரிக்காவில் கையால் ஊதும் தொழிற்சாலைகள் நலிந்தன. ஊதத் தெரிந்த தொழிலாளர்கள் குறைந்துகொண்டே வந்தனர். எல்லாத் தொழிற்சாலைகளையும் ஒரே நேரத்தில் நடத்த ஆள் போதவில்லை. இந்நிலையில் கைக்கண்ணாடி உற்பத்தியாளர்களின் சங்கமும் தொழிலாளர் சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1922 செப்டம்பர் முதல் 1923 ஜூன் வரையான காலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதித் தொழிற்சாலைகள் முதற்பருவத்தில் மட்டும் இயங்கும். மற்றவை இரண்டாம் பருவத்தில் மட்டும் இயங்கும். தொழிலாளர்கள் இரண்டு பருவத்திலும் இடம் மாறி வேலை பெறுவார்கள்.

இது வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சதி என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1923 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நீதிபதி ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: சந்தையின் விலையை முடிவு செய்வது இயந்திரக் கண்ணாடிதான், கைத்தொழிலாளரின் ஏற்பாடு இருக்கும் ஆட்களைக் கொண்டு பற்றாக்குறையைச் சமாளிக்கும் முயற்சியே, ஆகவே அது சட்டவிரோதமன்று.

வழக்கில் வென்றாலும் அத்தொழில் பிழைக்கவில்லை. சங்கத்தால் அழிவைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தது. தொழில்நுட்பத்தைத் தடுக்க முடியவில்லை. உறுப்பினரின் பிழைப்பைக் காக்கும் நோக்கத்தோடு மட்டும் இயங்கிய சங்கத்தின் எல்லையை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பெரிய கண்ணாடியும் புதிய ஆபத்தும்

1959 இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் மிதவைக் கண்ணாடி முறையை அறிவித்தது. அலஸ்டர் பில்கிங்டன் உருவாக்கிய இம்முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடி மிதந்து பரவுகிறது. தேய்த்து மெருகிடாமலேயே இருபுறமும் சமமான, தெளிவான, பெரிய தகடு கிடைக்கிறது. இன்று உலகின் பெரும்பாலான ஜன்னல் கண்ணாடி இம்முறையில்தான் தயாராகிறது.

மலிவான பெரிய கண்ணாடி வந்ததும் வீடுகளின் அமைப்பு மாறியது. தரை முதல் கூரை வரை கண்ணாடிக் கதவுகள், கண்ணாடித் தடுப்புக் கொண்ட குளியலறைகள், கண்ணாடி முகப்புக் கொண்ட கடைகள் பெருகின. கதவு திறந்திருக்கிறது என்று எண்ணி ஓடிவந்த குழந்தைகள் கண்ணாடியில் மோதிக் காயமடைந்தனர், சிலர் உயிரிழந்தனர்.

இதற்கான தீர்வுகள் அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனதிக்துஸ், 1903 இல் தம் ஆய்வகத்தில் கீழே விழுந்த குடுவை விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததைக் கண்டார். அதன் உட்புறத்தில் படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909 இல் அவர் காப்புரிமை பெற்ற அடுக்குக் கண்ணாடிதான் இன்றைய லேமினேட்டட் கண்ணாடியின் முன்னோடி. மற்றொரு வகை, சூடாக்கி உடனே குளிர்காற்றால் ஆற்றப்படும் டஃபண்டு கண்ணாடி. இது சாதாரணக் கண்ணாடியைவிடச் சுமார் நான்கு மடங்கு வலிமையானது. உடைந்தால் சிறு துண்டுகளாக உதிரும்.

தீர்வு கையில் இருந்தும் அது எல்லா வீடுகளையும் சென்றடையவில்லை. பாதுகாப்புக் கண்ணாடியின் விலை அதிகம். ஒரு கடைக்காரர் அதையே விற்க, பக்கத்துக் கடைக்காரர் சாதாரணக் கண்ணாடியைக் குறைந்த விலைக்கு விற்றால், நேர்மையானவரே வியாபாரத்தை இழப்பார். இச்சிக்கலை ஒரு தனி நிறுவனத்தால் தீர்க்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான விதி வேண்டும்.

அமெரிக்காவில் கட்டடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடித் தரநிலை 1966 இல் வெளியானது. 1971 இல் பாதுகாப்புக் கண்ணாடிச் சான்றிதழ் மன்றம் தொடங்கப்பட்டது. உறுப்பு நிறுவனங்களின் கண்ணாடியைத் தனி ஆய்வகங்களில் சோதித்து, தேறியவற்றுக்கு அழியாத முத்திரை இட இம்மன்றம் அனுமதித்தது. 1977 இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கதவுகள், குளியலறைத் தடுப்புகள் போன்ற இடங்களில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்கியது. இந்தச் சோதனை எளிமையானது. ஏறத்தாழ 45 கிலோ எடையுள்ள, ஈயக் குண்டுகள் நிரம்பிய தோல்பை ஒன்று ஊசல்போல வந்து கண்ணாடியில் மோதும். ஓடிவரும் உடலின் மோதலுக்கு அது ஈடு. கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும். உடைந்தாலும் ஆபத்தின்றி உடைய வேண்டும்.

கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் காணப்படும் முத்திரை பிறந்த கதை இதுதான். கண்ணால் அறிய முடியாத தரத்தை அது கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக மாற்றியது.

பாஸ்டன் கோபுரம்: மறைக்கப்பட்ட பாடம்

1970களில் பாஸ்டன் நகரில் ஜான் ஹான்காக் கோபுரம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் முகப்பு முழுவதும் இரட்டை அடுக்குக் கண்ணாடி. ஒவ்வொரு தகடும் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 1973 ஜனவரியில் வீசிய பலத்த காற்றில் கண்ணாடிகள் உடைந்து விழத் தொடங்கின. உடைந்த இடங்களில் ஒட்டுப்பலகைகள் அடைக்கப்பட்டதால், மக்கள் அதை 'ஒட்டுப்பலகை மாளிகை' என்று கேலி செய்தனர். இறுதியில் 10,344 கண்ணாடிகளும் அகற்றப்பட்டு, ஒற்றை டஃபண்டு கண்ணாடிகள் பொருத்தப்பட்டன.

இரண்டு கண்ணாடிகளையும் விளிம்பில் இணைத்த ஈயப்பட்டையின் பற்றவைப்பு மிகையான இறுக்கத்தோடு இருந்ததே உடைப்புக்குக் காரணம். வெப்பத்தாலும் காற்றாலும் கண்ணாடி அசையும்போது இணைப்பு சற்று நெகிழ வேண்டும். அது நெகிழாததால் கண்ணாடியில் நுண்விரிசல்கள் தோன்றிப் பரவின. ஆனால் வழக்குத் தரப்பினர் செய்துகொண்ட இரகசிய உடன்பாட்டினால் இந்தக் காரணம் பல ஆண்டுகள் பொதுவெளியில் பேசப்படவில்லை.

ஒரு தொழிலில் ஒருவருக்கு நேர்ந்த தவற்றிலிருந்து மற்றவர் கற்க வேண்டுமானால், அது பகிரப்பட வேண்டும். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அதை விரும்புவதில்லை. தொழில்துறைச் சங்கங்களின் தொழில்நுட்பக் குழுக்களுக்கு உள்ள மதிப்பு இங்கேதான் தெரிகிறது. போட்டியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, நிறுவனப் பெயர் சொல்லாமலேனும் எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பேசுவதற்கு அவை இடம் தருகின்றன.

புயல் எழுதிய விதிகள்

1974 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அதிகாலையில், ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வின் நகரை டிரேசி புயல் தாக்கியது. காற்றுமானி பழுதாகும் முன் மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டியது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரின் பெரும்பாலான வீடுகள் சிதைந்தன.

பின்னர் நடந்த ஆய்வுகளில் ஜன்னலின் பங்கு தெளிவாயிற்று. காற்றில் பறந்து வந்த தகரமோ கட்டையோ ஜன்னலை உடைத்தவுடன் காற்று வீட்டுக்குள் புகுந்தது. உள்ளிருந்து காற்று மேலே தள்ள, வெளியே வீசிய காற்று மேலிருந்து உறிஞ்ச, கூரை பெயர்ந்து போயிற்று. கூரை போனதும் சுவர்கள் சாய்ந்தன. ஒரு கண்ணாடி உடைவது ஒரு வீடு விழுவதற்குத் தொடக்கமாக இருந்தது. டவுன்ஸ்வில்லில் உள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் 1977 இல் புயற்சோதனை நிலையம் தொடங்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் ஜன்னல்கள் இன்று ஏ.எஸ். 2047 என்ற தரநிலைக்கு உட்பட்டவை. ஜன்னலுக்கு ஐந்து சோதனைகள் உள்ளன: காற்றழுத்தத்தில் சட்டகம் எவ்வளவு வளைகிறது, திறந்து மூட எவ்வளவு விசை வேண்டும், காற்று எவ்வளவு கசிகிறது, மழைநீர் புகுகிறதா, இறுதி வலிமை எவ்வளவு என்பன. கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவதற்கு ஏ.எஸ். 1288 வழிகாட்டுகிறது. கட்டடச் சட்டக்கோவை இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆஸ்திரேலிய ஜன்னல் சங்கமும் கண்ணாடித் தொழிலினரின் சங்கமும் இந்தத் தரநிலைகளை உறுப்பினர்களுக்குக் கற்பித்தும் சான்றளித்தும் வந்தன. பின்னர் அவை இரண்டும் இணைந்து ஆஸ்திரேலியக் கண்ணாடி மற்றும் ஜன்னல் சங்கமாயின.

அமெரிக்காவில் இதே பாடத்தை 1992 ஆகஸ்டில் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயல் கற்பித்தது. 1994 இல் தென் புளோரிடாவில் புதிய விதி வந்தது. சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டை ஒன்று வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஜன்னலின் மீது ஏவப்படும். அதன் பிறகு அதே ஜன்னல் புயற்காற்றைப் போல ஏறி இறங்கும் அழுத்தத்தை 9,000 முறை தாங்க வேண்டும். இதில் தேறும் ஜன்னல்களில் லேமினேட்டட் கண்ணாடியே பெரிதும் பயன்படுகிறது. கண்ணாடி விரிசல் விடலாம். ஆனால் காற்றுக்கு வழி விடக்கூடாது.

பாதுகாப்புத் திரை: வலையா, காவலா?

தமிழ்நாட்டு வீடுகளில் திருடர்களைத் தடுக்க ஜன்னலில் இரும்பு கிரில் வைப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவில் அதே வேலையைப் பாதுகாப்புத் திரை செய்கிறது. அலுமினியச் சட்டகத்தில் துருப்பிடிக்காத எஃகு வலையையோ அலுமினிய அழிகளையோ இறுக்கமாகப் பொருத்தி இது செய்யப்படுகிறது. காற்று வரும், பூச்சி வராது, திருடனும் நுழைய முடியாது.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. சாதாரணக் கொசுவலைக் கதவையும் பாதுகாப்புக் கதவையும் தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. மெல்லிய வலையை ஒட்டிய கதவையும் 'பாதுகாப்புக் கதவு' என்று சொல்லி விற்க வாய்ப்பு இருந்தது. ஆகவே ஏ.எஸ். 5039, 5040, 5041 என்ற மூன்று தரநிலைகள் உருவாயின. முதலாவது கதவும் திரையும் எப்படி இருக்க வேண்டும் என்றது. இரண்டாவது அவற்றைப் பொருத்தும் முறையைச் சொன்னது. மூன்றாவது சோதனை முறைகளை விளக்கியது.

அந்தச் சோதனைகள் திருடனின் வழிகளையே பின்பற்றுகின்றன. காலால் உதைப்பது போன்ற மோதல், கன்னக்கோலால் நெம்புதல், வலையைப் பிடித்து இழுத்தல், கத்தியால் அறுத்தல் ஆகியவற்றை ஒரு திரை தாங்க வேண்டும். தேசியப் பாதுகாப்புத் திரைச் சங்கம் இத்தரநிலைகளை முன்னிறுத்தி இயங்கும் அமைப்பாகும். நல்ல வலையும் நல்ல சட்டகமும் இருந்தாலும், சுவரில் தவறான திருகாணியால் பொருத்தினால் பயனில்லை. அதனால்தான் பொருத்துதலுக்குத் தனித் தரநிலை வந்தது.

திரைக்கு வேறொரு பொறுப்பும் சேர்ந்தது. 2009 பிப்ரவரியில் விக்டோரியா மாநிலத்தில் பரவிய காட்டுத்தீயில் 173 பேர் உயிரிழந்தனர். காட்டுத்தீயில் பல வீடுகள் நேரடிச் சுவாலையால் எரிவதில்லை; காற்றில் பறந்து வரும் தீப்பொறிகள் உடைந்த ஜன்னல் வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் புகுவதால் எரிகின்றன. காட்டுத்தீப் பகுதிக் கட்டடங்களுக்கான ஏ.எஸ். 3959 தரநிலை, திரையின் கண்ணளவு 2 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது என்றும் அது உலோக வலையாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இழைவலை வெப்பத்தில் உருகிவிடும்.

ஆனால் திருடனைத் தடுக்கும் திரை, உள்ளே இருப்பவரைத் தடுக்கும் சிறையாகவும் மாறலாம். வீட்டுக்குள் தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். நிரந்தரமாகப் பற்றவைத்த கிரில் உள்ள வீடுகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஒரு ஜன்னலாவது உள்ளிருந்து எளிதில் திறக்கக்கூடியதாக இருப்பது அவசியம்.

ஜன்னலிலிருந்து விழும் குழந்தைகள்

கொசுவலை குழந்தையைத் தாங்கும் என்று பெற்றோர் நம்புவது மிக ஆபத்தான தவறுகளுள் ஒன்று. சாய்ந்த குழந்தையோடு வலையும் பெயர்ந்து விழும். நியூயார்க் நகரில் 1972 இல் பிராங்க்ஸ் பகுதியில், குழந்தைகளால் பறக்க முடியாது என்ற பொருளுடைய பெயரில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினர். ஜன்னல் தடுப்புகளை இலவசமாக வழங்கினர். 1973க்கும் 1975க்கும் இடையில் அப்பகுதியில் பதிவான விழுதல்கள் பாதியாகக் குறைந்தன. 1976 இல், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் தடுப்பு வைப்பது கட்டாயமாயிற்று.

இந்த மாற்றத்தைத் தொடங்கியது ஜன்னல் தொழில் அன்று. நகரத்தின் சுகாதாரத் துறை என்பது குறிப்பிடத்தக்கது. கொசுவலையில் எச்சரிக்கை ஒட்டுவது, தடுப்புகளுக்குத் தரநிலை எழுதுவது, விழிப்புணர்வு வாரம் நடத்துவது போன்றவற்றில் தொழில்துறைச் சங்கங்கள் பின்னரே பங்கேற்றன.

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் புதிய விதி வந்தது. வெளியே உள்ள தரையைவிட அறைத் தளம் 2 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்துள்ள படுக்கையறைகளின் ஜன்னல்கள் 125 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காதபடி கட்டுப்படுத்தப்பட வேண்டும். அல்லது உறுதியான திரை இருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் இதை விரிவாக்கி, 2018 மார்ச் 13 ஆம் தேதியைக் கெடுவாக வைத்தது.

பிரிட்டன்: தனக்குத்தானே சான்று

பிரிட்டனில் கண்ணாடி மற்றும் கண்ணாடி பதிப்போர் கூட்டமைப்பு 1977 இல் அமைந்தது. எரிபொருள் விலையேற்றத்திற்குப் பின் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களின் விற்பனை அங்குப் பெருகியது. வீடு வீடாக வந்து நச்சரிக்கும் விற்பனையாளர்களால் அத்தொழிலுக்குக் கெட்ட பெயரும் பெருகியது. வாடிக்கையாளர் புகார்களுக்கு நடத்தை விதி வகுப்பது அக்கூட்டமைப்பின் முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று.

2002 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய ஜன்னலை மாற்றுவதும் கட்டட விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆண்டுதோறும் மாற்றப்படும் எண்ணற்ற ஜன்னல்களையும் உள்ளாட்சி அலுவலர் நேரில் பார்ப்பது இயலாத காரியம். ஆகவே அரசின் ஆதரவோடு கூட்டமைப்பு 'ஃபென்சா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் பதிவு செய்த நிறுவனம் தன் வேலைக்குத் தானே சான்றளிக்கலாம். அவ்வேலைகளில் ஒரு பகுதியை ஆய்வாளர்கள் மாதிரியாகத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பார்கள். வீட்டை விற்கும்போது இந்தச் சான்றிதழைக் கேட்பது அங்கு வழக்கமாகிவிட்டது.

இம்முறை செலவைக் குறைக்கிறது. எனினும் தன்னைத் தானே மதிப்பிடுபவர் தாராளமாக மதிப்பிடக்கூடும் என்ற ஐயம் இயல்பானது. மாதிரிச் சோதனை எவ்வளவு நேர்மையானதோ, அவ்வளவுதான் அந்தச் சான்றிதழின் மதிப்பும்.

கூடிப் பேசுவதன் மறுபக்கம்

போட்டியாளர்கள் கூடும் இடத்தில் தரத்தை மட்டும் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 2007 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம், கட்டடக் கண்ணாடியின் விலையைத் தங்களுக்குள் பேசி வைத்து உயர்த்தியதற்காகக் கார்டியன், பில்கிங்டன், செயின்ட் கோபைன், அசாஹியின் துணை நிறுவனமான கிளாவர்பெல் ஆகியவற்றுக்கு மொத்தம் 486.9 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. 2008 இல் கார் கண்ணாடிச் சந்தையில் நடந்த இத்தகைய கூட்டுக்காக 130 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

இவை நிறுவனங்கள் தமக்குள் இரகசியமாகச் செய்துகொண்டவை. எனினும் எல்லாத் தொழில்துறைச் சங்கங்களுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. இன்று பல சங்கங்களின் கூட்டங்களில் விலை, வாடிக்கையாளர் பங்கீடு ஆகியவற்றைப் பேசக்கூடாது என்று முதலிலேயே நினைவூட்டப்படுகிறது. தரநிலையும் சில நேரங்களில் கதவடைக்கும் கருவியாகலாம். சோதனைச் செலவைத் தாங்க முடியாத சிறு பட்டறைகள் சந்தையை விட்டே வெளியேற நேரிடும்.

அண்மைக் கால மாற்றங்கள்

ஆற்றல் சேமிப்பு இத்தொழிலின் புதிய களமாகும். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஜன்னலே மிகுதியாக மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விளம்பரம் செய்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கப் பொது அளவுகோல் இல்லை. இதற்காக அமெரிக்காவில் 1989 இல் தேசிய ஜன்னல் மதிப்பீட்டு மன்றம் தொடங்கப்பட்டது. வெப்பம் கடத்தும் அளவு, வெயிலை உள்ளே விடும் அளவு ஆகியவற்றை ஒரே முறையில் அளந்து ஒட்டுச்சீட்டில் காட்டுவது அதன் பணி.

சங்கங்களும் ஒன்றிணைந்து வருகின்றன. 1948 இல் தோன்றிய அமெரிக்கத் தேசியக் கண்ணாடிச் சங்கம், 2018 இல் வட அமெரிக்கக் கண்ணாடிச் சங்கத்தோடு இணைந்தது. ஜன்னல் உற்பத்தியாளர் சங்கமும் இரட்டைக் கண்ணாடி உற்பத்தியாளர் கூட்டணியும் 2020 இல் ஒன்றாயின. கண்ணாடியும் சட்டகமும் தனித்தனித் தொழில்களாக இருந்த காலம் மாறி, இரண்டும் ஒரே பொருளாக மதிப்பிடப்படுவதே இதன் முக்கியக் காரணம்.

இந்தியாவில் அகில இந்தியக் கண்ணாடி உற்பத்தியாளர் கூட்டமைப்பு 1944 முதல் இயங்கி வருகிறது. கட்டடப் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. சென்னையை அடுத்த திருப்பெரும்புதூர் மிதவைக் கண்ணாடி உற்பத்தியின் முக்கிய மையங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

முடிவுரை

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பாதுகாப்பு விதிகளில் பல, விபத்துகளுக்கும் புயல்களுக்கும் பிறகே வந்தன. தொழில்துறைச் சங்கங்கள் தாமாக முன்வந்து தங்கள் மேல் சுமையை ஏற்றிக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு. சட்டம் கட்டாயப்படுத்தியபோதும், தரமற்ற பொருளால் நேர்மையான உறுப்பினர்கள் நட்டமடைந்தபோதும் அவை விரைவாகச் செயல்பட்டன. விதி எழுதப்பட்ட பின் அதை நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்குக் கற்றுக்கொடுத்ததும், சோதனை முறைகளை வகுத்ததும், முத்திரையை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் பெரும்பாலும் அச்சங்கங்களே. அரசால் மட்டும் அதைச் செய்திருக்க இயலாது.

ஆகவே சங்கத்தின் முத்திரையைப் பார்க்கும் நுகர்வோர் சில கேள்விகளைக் கேட்கலாம். இந்தப் பொருளைச் சோதித்த ஆய்வகம் உற்பத்தியாளரைச் சாராததா? எந்தத் தரநிலையின்படி சோதிக்கப்பட்டது? பொருத்துபவருக்கும் அந்தத் தரநிலை தெரியுமா? குழந்தைகள் உள்ள வீடானால் இன்னொரு கேள்வியும் உண்டு: ஜன்னலில் இருப்பது கொசுவலையா, ஒரு குழந்தையின் எடையைத் தாங்கும் தடுப்பா? இதற்கு விடை தெரியாதவரை அந்த ஜன்னலின் அருகே கட்டிலையோ நாற்காலியையோ போடாமல் இருப்பதே நல்லது.